கூரை, தொழில், நிலம்: கலைஞர் குடியிருப்பும் தாராவி வீடும் – ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுப் பொருள்

ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிலம் வாங்கிக் குடியேறும் கலைஞர் தன் ஊண், உடை, உறக்கம் எல்லாவற்றையும் கலையின் பகுதியாக்கிக்கொண்டால், கலையுலகம் அதை 'வாழ்வியல் சோதனை' என்று கொண்டாடுகிறது. தாராவியில் ஒரு குடும்பம் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மாவரைத்து, அவித்து, விற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அங்கேயே படுத்து எழுந்தால் அரசுக் கோப்புகள் அதை 'இடநெருக்கடி' என்று குறித்துக்கொள்கின்றன. இரண்டு இடங்களிலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான்: வாழும் இடமும் உழைக்கும் இடமும் பிரியாமல் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒன்று பெருமைக்கும் மற்றொன்று அகற்றுவதற்கும் உரியதானது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் ஆண்ட்ரியா ஜிட்டெல் உருவாக்கிய ஏ-இஸட் வெஸ்ட். இரண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம். மூன்று, மும்பையின் தாராவி. முதல் இரண்டும் கலைஞர்கள் திட்டமிட்டு அமைத்தவை. மூன்றாவதை யாரும் திட்டமிடவில்லை. நான்கைந்து தலைமுறைகளின் பிழைப்பு அதை உருவாக்கியது.

2. அளவுகோல்கள்

கலைஞர் குடியிருப்புகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டடத்தின் வடிவிலும் கலைஞரின் ஆளுமையிலும் நின்றுவிடுகிறார்கள். அன்றாட வாழ்வுதான் சோதனைப் பொருள் என்றால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு.

அ) வருவாய்: அன்றைய சோற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
ஆ) பொழுது: ஒரே இடம் காலையில் என்னவாகவும் இரவில் என்னவாகவும் இருக்கிறது?
இ) நிலம்: நாளைக்கும் இங்கேயே இருக்கலாம் என்ற உறுதி யார் கையில் இருக்கிறது?

தமிழருக்கு இந்த வகைச் சோதனை புதிதன்று. தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்காக 1910இல் காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. சமையல், விவசாயம், செருப்புத் தைத்தல், பாடம் எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. அந்தப் பண்ணையை நடத்த முடிந்ததற்கு அடிப்படைக் காரணம், ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட தன் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்ததுதான். மூன்றாவது அளவுகோலை நான் வலியுறுத்துவதற்கு இந்த முன்னுதாரணமும் ஒரு காரணம்.

3. பாலைவனத்தில்: ஏ-இஸட் வெஸ்ட்

1965இல் பிறந்த ஜிட்டெல், 1990களில் நியூயார்க்கின் புரூக்ளினில் சின்னஞ்சிறு இடத்தில் வாழ்ந்தபோதே சோதனையைத் தொடங்கிவிட்டார். வேலைக்கு நல்ல உடை வேண்டும், வாங்கப் பணமில்லை. எனவே ஒரே உடையைத் தானே வடிவமைத்து ஆறு மாதம் தொடர்ந்து உடுத்தினார். நெருக்கடியிலிருந்து பிறந்த அந்தப் பழக்கம் பின்னர் 'சீருடை' என்ற கலைத்தொடராகவே வளர்ந்தது.

2000ஆம் ஆண்டு அவர் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் ஐந்து ஏக்கர் துண்டுகளாக மக்களுக்குக் கிடைத்த அரசு நிலத்தில், நிபந்தனைப்படி எழுப்பிய சிறு குடில்கள் பல கைவிடப்பட்டுக் கிடந்தன. அப்படியொரு குடிலை வாங்கித் தங்கிய ஜிட்டெல், சுற்றியுள்ள நிலத்தையும் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டார். காகிதக் கழிவை ஊறவைத்துக் கூழாக்கி, உலோகத் தட்டுகளில் அழுத்தி, வெயிலில் காயவைத்துப் பலகைகளாக்கினார். ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய உலோகக் கூடுகளைப் பாறைகளுக்கு நடுவே வைத்தார். அங்கே தங்க வருவோர் நாளுக்கு ஒரு மணி நேரம் வளாகத்துக்காக உழைக்கவேண்டும் என்பது வழக்கமாக இருந்தது.

இங்கே வருவாய் கலைச்சந்தையிலிருந்தும் கண்காட்சிகளிலிருந்தும் வந்தது. பொழுது முழுவதும் கலைஞரின் கட்டுப்பாட்டில் இருந்தது. நிலம் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. பற்றாக்குறையை அவர் விரும்பி ஏற்றார். அலுத்துப்போனால் விலகிக்கொள்ளவும் முடியும். சோதனையின் மதிப்பை இது குறைக்கவில்லை. ஆனால் அதன் எல்லை எது என்பதைக் காட்டிவிடுகிறது.

4. மணல்மேட்டில்: சோழமண்டலம்

4.1 பின்னணி

மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல் சென்னை அரசு கலைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கியவர் அவர். படித்து வெளியேறும் மாணவர்களின் நிலை அவரை உறுத்தியது. ஓவியம் வாங்குவோர் சென்னையில் மிகக் குறைவு. வயிற்றுப்பாட்டுக்காக விளம்பர நிறுவனத்துக்கோ, நெசவாளர் சேவை மையத்துக்கோ, பள்ளி ஆசிரியர் வேலைக்கோ போனவர்கள் மெல்ல மெல்லத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். பம்பாய்க்கோ டெல்லிக்கோ போனால் காட்சிக்கூடம் உண்டு; ஆனால் தலைசாய்க்க இடம் கிடைக்காது.

பணிக்கர் இதற்குக் கண்ட வழி எளியது. கலையை விற்றுப் பிழைக்கவேண்டாம். கைவினையை விற்றுப் பிழைக்கலாம். கலையைச் சந்தையின் பிடியிலிருந்து காப்பாற்றி வைக்கலாம். இதற்காகக் கலைஞர் கைவினைஞர் சங்கம் ஒன்று உருவானது. கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலம் வாங்கினார்கள்.

4.2 பாத்திக் என்னும் பொருளாதாரம்

அந்தக் கைவினைகளில் முதன்மையானது பாத்திக். அதன் செய்முறையைக் கவனித்தால் பணிக்கரின் திட்டம் ஏன் பலித்தது என்பது விளங்கும். துணியை விரித்து, நிறம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையாலோ மூக்குள்ள சிறு கலத்தாலோ இழைக்கவேண்டும். பிறகு குளிர்ந்த சாயநீரில் தோய்க்கவேண்டும். சூடான சாயத்தில் மெழுகு இளகிவிடும். முதலில் வெளிர்நிறம், காய்ந்தபின் மீண்டும் மெழுகு, அடுத்துச் சற்று அடர்நிறம் என்று போய்க் கடைசியில் கொதிநீரில் மெழுகைக் களையவேண்டும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்புபோல் ஓடும் கோடுகள் இயந்திர அச்சில் வாரா.

இந்த வேலைக்குக் கோடு போடத் தெரிந்த கை வேண்டும்; அது கலைப் பள்ளி மாணவர்களிடம் இருந்தது. பெரிய முதலீடு தேவையில்லை. அடுப்பும் தொட்டியும் கொடிக்கயிறும் போதும். துணி காய்கிற நேரம் முழுவதும் கை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் சொந்த ஓவியத்தைத் தொடரலாம். விற்றுப்போவது புடவையும் திரையும் என்பதால் ஓவியத்தை வாங்குவோரின் ருசிக்கு வளைக்கவேண்டிய தேவையும் இல்லை. தோல், மண், உலோக வேலைகளும் இதே கணக்கில்தான் நடந்தன.

4.3 வீடும் பணிமனையும்

சவுக்கும் தாழையும் மண்டிய அந்த மணற்பரப்பு அன்று நகரத்தாருக்கு வேண்டாத இடம். தொடக்கத்தில் மின்சாரமோ நல்ல சாலையோ கிடையாது. கலைஞர்கள் கீற்றுக் கொட்டகையில் தொடங்கி, கையில் காசு சேரச் சேரச் சொந்த வீடும் பணிமனையும் கட்டிக்கொண்டார்கள். எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே.வி. ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், எஸ். நந்தகோபால் என்று தென்னிந்திய நவீன ஓவியத்திலும் சிற்பத்திலும் நிலைத்த பல பெயர்கள் இக்கிராமத்தோடு சேர்ந்தவை. காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு, விருந்தினர் தங்கும் பணிமனை ஆகியவை ஒவ்வொன்றாக எழுந்தன. 1977இல் பணிக்கர் மறைந்தபின்னும் கிராமம் கலைந்துவிடவில்லை. 2009இல் அங்கே தற்காலக் கலைக்கான மையமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன.

4.4 எல்லைகள்

கூடி வாழ்வது எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. மைக்கோட்டில் கனவுநகரங்களை வரைந்த கே. ராமானுஜம் சோழமண்டலத்தில் ஆதரவு பெற்றவர். என்றாலும் 1973இல் இளம் வயதிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிலர் பாரிஸுக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தனர். கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றபின் அந்த மணல்மேடு மாநகரின் விலையுயர்ந்த புறநகராக மாறியது. இன்று அதே வயதில், அதே கையிருப்போடு ஓர் இளம் கலைஞர் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு மனை வாங்குவதை நினைத்தும் பார்க்கமுடியாது. எனவே சோழமண்டலத்தைத் திரும்பச் செய்யத்தக்க மாதிரியாகக் கொள்வது கடினம். நிலம் மலிவாக இருந்த ஒரு காலத்தை அது சரியாகப் பயன்படுத்திக்கொண்டது.

5. தாராவியில்

5.1 கும்பார்வாடா

தாராவியின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நகருக்குள் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தொழில்கள் இங்கே வந்துசேர்ந்தன. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து பம்பாய்க்கு வந்திருந்த குயவர்கள் தென்பம்பாயிலிருந்து நகர்த்தப்பட்டு 1930களில் இங்கே குடியமர்ந்தார்கள். அவர்கள் பகுதிதான் கும்பார்வாடா.

கும்பார்வாடா வீட்டின் அமைப்பைத் தொழில்தான் வரைந்தது. ஒரு பக்கம் தெருவைப் பார்த்த முகப்பு. அங்கே பானையும் அகல்விளக்கும் விற்பனைக்கு அடுக்கியிருக்கும். மறுபக்கம் பொது முற்றம். அங்கே பட்டி, அதாவது சூளை. இடையில் குடும்பம் குடியிருக்கிறது. பட்டிக்கு எரிபொருள், ஆடைத் தொழிற்கூடங்கள் கழித்துக்கட்டும் துணி வெட்டும் பஞ்சுக் கழிவும். ஒரு பட்டியைச் சில குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. பச்சைமண் சாமான் காய முற்றமும், சூளையின் புகை போக வானமும் வேண்டும். இரண்டும் தரைத்தளத்தில்தான் கிடைக்கும்.

5.2 இட்லி வீடு

தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய தமிழர் சந்துகளில் வேறொரு வகை வீடு உண்டு. மும்பைத் தெருக்களில் ரப்பர் ஹாரனை அமுக்கியபடி சைக்கிளில் போகும் இட்லிக்காரர்களில் பலருடைய அலுமினியப் பாத்திரங்கள் இப்படிப்பட்ட அறைகளில்தான் நிரம்புகின்றன.

அந்த அறையின் ஒரு நாளை வரிசைப்படுத்தலாம். சாயங்காலம் கிரைண்டர் ஓடும். அந்த இரைச்சலிலேயே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும். மாவு பொங்கி வழியாதபடி இடம்விட்டு மூடிவைத்தபின் பாய் விரியும். ஆண்கள் சிலர் மேலே மரப்பலகையடித்த மாலாவில் ஏறிப் படுப்பார்கள். பின்னிரவில் பாயைச் சுருட்டினால் அதே தரை சமையற்கூடம்: பெரிய கொப்பரையில் ஆவி, ஒரு பக்கம் தேங்காய்ச் சட்னி, மறுபக்கம் சாம்பார். விடியும்போது சைக்கிள் புறப்பட்டுவிடும். முன்பகலில் அறையைக் கழுவிவிட்டால் அது வீடு. உறவுக்காரர் வந்தால் கூடம். பிற்பகலில் பாத்திரம் திரும்பிவந்ததும் கணக்குப் பார்க்கும் கடை.

ஜிட்டெல் தன் சிறு கூடத்தில் ஒரே பொருளைப் பல வேலைக்குப் பயன்படுத்தும் வழியை வடிவமைத்தார். இட்லி வீட்டில் பொருளைக் காட்டிலும் பொழுதே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நூற்று இருபது சதுர அடிக்குள் சமையற்கூடம், பள்ளி, படுக்கையறை, கூடம், கடை என ஐந்து இடங்களை அடுத்தடுத்து இயங்கவைப்பது கடிகாரம்தான்.

தாராவியை நெருங்கி ஆராய்ந்த நகரியல் அறிஞர்கள் மத்தியாஸ் எச்சனோவும் ராகுல் ஸ்ரீவாஸ்தவாவும் இத்தகைய வீட்டை 'கருவி வீடு' என்று அழைக்கிறார்கள். தங்குமிடமாக மட்டுமின்றி உற்பத்திச் சாதனமாகவும் செயல்படும் வீடு என்பது பொருள். இக்கருத்தை ஏற்றுக்கொண்டால், வீட்டைப் பிடுங்குவது தொழிலாளியிடமிருந்து தறியையோ சக்கரத்தையோ பிடுங்குவதற்குச் சமம் என்பதையும் ஏற்றாகவேண்டும்.

5.3 கலையுலகம் தாராவிக்கு வந்தபோது

2015இல் தாராவியில் ஒரு பியனாலே, அதாவது கலைக்காட்சி விழா, நடந்தது. பெண்கள், குழந்தைகள் நலத்துக்காக உழைக்கும் ஸ்நேஹா அமைப்பு அதை நடத்தியது. நலவாழ்வையும் கழிவுப் பொருள்களையும் மையமாக்கி, அங்கே வாழ்வோரே கலைஞர்களோடு சேர்ந்து படைப்புகள் செய்தார்கள். 2016இல் தாராவி வடிவமைப்பு அருங்காட்சியகம் என்ற பெயரில் ஒரு தள்ளுவண்டி, அவ்வூர்க் கைவினைஞர்களின் பானைகளையும் பிற பொருள்களையும் தெருத்தெருவாகக் காட்சிக்கு வைத்தது. இரண்டும் தற்காலிக முயற்சிகள். ஆனால் தாராவியின் அன்றாடத்தில் வடிவமைப்பு அறிவு இருக்கிறது என்பதைக் கலையுலகின் மொழியில் அவை பதிவுசெய்தன. அந்த அங்கீகாரம் நிலவுரிமைப் பேச்சுக்குள் நுழையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

6. எதிர்ச்சான்றுகள்

6.1 பணியிடம் உண்டு, வாழ்விடம் இல்லை

1950களிலும் 60களிலும் பம்பாய் வார்டன் ரோட்டில் இருந்த பூலாபாய் தேசாய் நினைவு நிறுவனம், கலைஞர்களுக்கு வேலைசெய்ய இடம் கொடுத்தது. காய்தோண்டே, ஹுசைன், நஸ்ரீன் முகமதி ஆகிய ஓவியர்கள் அங்கே பணியாற்றினர். அல்காஸியின் நாடகக் குழுவும் ரவிசங்கரின் இசைப் பள்ளியும் அதே வளாகத்தில் இயங்கின. ஒரு துறையின் காற்று மற்றொன்றில் வீசிய அபூர்வமான இடம் அது. ஆனால் கலைஞர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, வீடும் இல்லை. புரவலரின் கொடையில் நின்ற ஏற்பாடு அந்தக் கட்டடத்தோடு முடிந்துபோயிற்று.

6.2 வாழ்விடம் உண்டு, பணியிடம் இல்லை

தாராவிக்கு ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறது மாட்டுங்கா. 1896இன் பிளேக் நோய்க்குப் பிறகு 1898இல் உருவான பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியை அகன்ற தெருவும் தோட்டமுமாகத் திட்டமிட்டது. அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள். வீடு வீடாகவே இருந்தது. உழைப்பு கோட்டைப் பகுதி அலுவலகங்களில் நடந்தது. சமையல்கூட, குடும்பம் இல்லாத குமாஸ்தாக்களுக்கு மெஸ்ஸிலும் உடுப்பி போர்டிங்கிலும் நடந்தது. இந்த வாழ்க்கைமுறை பின்னர் செம்பூருக்கும் பரவியது. அங்கே பாட்டும் நாட்டியமும் 1962இல் தொடங்கிய ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி போன்ற சபாக்களில் இடம்பெற்றன. அலுவலகம், வீடு, சபா என்று நாள் மூன்றாகப் பிரிந்தது.

மும்பைத் தமிழர் பலருக்கு 'நல்ல வீடு' என்றால் இந்தப் பிரிவுதான். தாராவியிலிருந்து 'முன்னேறி' செம்பூருக்குப் போவது என்ற பேச்சிலும் அந்த மதிப்பீடு அடங்கியிருக்கிறது. குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தை நம்பிக் கட்டிய அந்த வீட்டை, அன்றாடம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கும் பொது இலக்கணமாக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

7. ஒப்பீடு

7.1 வருவாய்: சோழமண்டலத்தில் கைவினை, கலைக்கு உரம்போட்டது. தாராவியில் கைவினையே சோறு. அதற்குமேல் ஒன்றைக் காப்பாற்றும் நோக்கம் பெரும்பாலும் இல்லை. ஏ-இஸட் வெஸ்டில் வாழ்க்கைமுறையே சந்தைக்குப் போன படைப்பு. மூன்றிலும் பொதுவானது, வேலைக்குப் போய்வரும் செலவும் நேரமும் மிச்சம் என்பது. ஈஞ்சம்பாக்கத்தில் அந்த மிச்சம் ஓவியமானது. இட்லி வீட்டில் அது இன்னும் இரண்டு மணி நேர உறக்கம்.

7.2 பொழுது: மூன்றிலும் இடத்தின் போதாமையை நேரம் ஈடுகட்டுகிறது. ஆனால் அந்த நேரம் யாருடையது? கலைஞர் குடியிருப்புகளைப் பற்றிய வரலாறுகள் அடுப்படியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தாராவியில் இதை மறைக்கவே முடியாது: குடும்பத்துக்குச் சமைப்பதும் விற்பனைக்கு அவிப்பதும் ஒரே பெண்ணின் கையில், ஒரே அடுப்பில் நடக்கின்றன. எது வீட்டுவேலை, எது தொழில் என்று பிரிக்கமுடியாததால் அவளுடைய உழைப்புக்குத் தனிக்கூலி என்ற பேச்சே எழுவதில்லை. கருவி வீட்டைப் போற்றுவோர் இந்தக் குறையையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

7.3 நிலம்: மற்ற இரண்டிலும் வேற்றுமைகள் அளவில் இருக்கின்றன, இங்கே வேற்றுமை அடிப்படையிலேயே இருக்கிறது. சோழமண்டலத்தார் கிராமம் அமைக்கும் முன்பே நிலத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். கீற்றுக் கொட்டகையை ஓட்டு வீடாகவும் பணிமனையாகவும் மாற்றும் துணிவு அதிலிருந்து வந்தது. தாராவியில் சதுப்பை மேடாக்கித் தொழிலை நிறுவியவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் காலடி நிலம் சொந்தமில்லை.

தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் இந்த வேற்றுமையைக் கண்முன் நிறுத்துகிறது. 2022 நவம்பரில் ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2023 ஜூலையில் மகாராஷ்டிர அரசு பணியை முறைப்படி ஒப்படைத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவுவோருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. மாடியில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை அடிப்படையில் வீடு. 350 சதுர அடி என்பது இட்லி வீட்டைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு; தனிக் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் கிடைக்கும். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று வளர்ந்த எவரும் அதை இளக்காரமாகப் பேசமாட்டார்கள். ஆனால் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் பட்டி எரியாது. பின்னிரவில் ஐந்நூறு இட்லி அவிக்கும் ஆவிக்கு அங்கே போக்கிடம் கிடையாது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதந்தோறும் வரும். தொழிலுக்குத் தனிக் கூடம் ஒதுக்கினாலும், பாய் விரித்த இடத்திலேயே கொப்பரையை ஏற்றும் ஏற்பாடு உடைந்துபோகும். அப்போது பிள்ளையை வீட்டில் யார் பார்ப்பது என்ற புதிய கேள்வி முளைக்கும்.

8. முடிவுகள்

ஒன்று: வாழ்விடமும் பணியிடமும் இணைந்த குடியிருப்பு நிலைத்து நிற்பதற்கு வருவாய், பொழுது, நிலம் மூன்றும் தேவை. நிலமில்லாத பூலாபாய் நிறுவனம் கலைந்தது. மூன்றையும் சேர்த்துக் கட்டிய சோழமண்டலம் அறுபது ஆண்டுகளாக நிற்கிறது. தாராவி முதல் இரண்டையும் தானே சாதித்துவிட்டு மூன்றாவதற்காகக் காத்திருக்கிறது.

இரண்டு: 'சோதனை' என்ற பெயர், விலகிச் செல்லும் உரிமை உள்ளவருக்கே கிடைக்கிறது. வறுமையை அழகாக்கிக் காட்டுவதால் இந்த அநீதி தீராது. இட்லி வீட்டை அருங்காட்சியகப் பொருளாக்குவது அதில் வாழ்பவருக்குக் கழிப்பறை தராது.

மூன்று: மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பு, யார் எந்த ஆண்டிலிருந்து, எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று கேட்கிறது. அந்த அறை எந்தெந்த நேரத்தில் எந்தெந்த வேலை செய்கிறது என்பதையும் குறித்துக்கொண்டால், எந்தக் குடும்பத்துக்கு மாடி வீடு போதும், எந்தக் குடும்பத்துக்குத் தரையும் முற்றமும் வேண்டும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். கலைஞர்களின் சோதனையிலிருந்து நகரத் திட்டமிடல் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் இதுதான். முதலில் நிலத்தை உறுதிசெய்யவேண்டும். பிறகு தொழிலைப் பார்க்கவேண்டும். வீட்டின் வடிவத்தை அதில் வாழ்பவர் தேவைக்கேற்பத் தீர்மானிக்கவேண்டும். பணிக்கரும் வீட்டின் வடிவத்துக்கு முன்பே தொழிலையும் நிலத்தையும் உறுதிசெய்துகொண்டார். தாராவிக்கு வரையப்படும் திட்டங்கள் வடிவத்தில் தொடங்குகின்றன.